அரசியல் நிர்ணய சபையில் ஒரே தலித் பெண்: தாட்சாயணி வேலாயுதன்

தீண்டாமையை ஒழித்தது அரசியல் சட்டத்தின் எத்தனையாவது பிரிவு என்று கேட்டால் நம் ஊர்ப் பள்ளி மாணவர்கள் உடனே 17 என்று சொல்லிவிடுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அது மனப்பாடம். அந்தப் பிரிவு எந்த நாளில் நிறைவேறியது, அன்று யார் யார் எழுந்து பேசினார்கள் என்று கேட்டால் பதில் வருவது அரிது.

அந்த நாள் 1948 நவம்பர் 29. வரைவில் அப்போது அதன் எண் 11. டெல்லியில் கூடியிருந்த அரசியல் நிர்ணய சபையில் அன்று பேசியவர்களில் ஒருவர் ஊட்டியில் பிறந்த வி.ஐ.முனுசாமிப் பிள்ளை. 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்ற ஒடுக்கப்பட்டோர் தலைவர். இன்னொருவர் பள்ளி ஆசிரியையாக இருந்து அரசியலுக்கு வந்த 36 வயதுப் பெண், தாட்சாயணி வேலாயுதன். அந்தச் சபையில் 15 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் தலித் பெண் இவர் ஒருவர்தான்.

கேரளத்துக்காரர் என்று இவரைத் தள்ளிவைக்க நமக்கு உரிமை கிடையாது. அவர் சபைக்குப் போனது கொச்சி சமஸ்தானத்தின் சார்பில் அல்ல, சென்னை மாகாணத்தின் சார்பில். மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் வாக்களித்து 1946 ஜூலையில் தேர்ந்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர். கோவை மாவட்டம், இன்றைய ஈரோடும் திருப்பூரும் அடங்கிய அன்றைய பெரிய கோவை மாவட்டம், அந்த மாகாணத்துக்குள்தான் இருந்தது. டி.ஏ.இராமலிங்கம் செட்டியார், தி.சு.அவினாசிலிங்கம், சி.சுப்பிரமணியம் ஆகியோர் அரசியல் நிர்ணய சபையில் இருந்ததைக் கொங்கு நாட்டில் பெருமையாகப் பேசுகிறோம். அவர்களோடு அதே மாகாணத்தின் வரிசையில் உட்கார்ந்திருந்த தாட்சாயணியை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

கோவையிலிருந்து ரயிலேறினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சில மணி நேரத்தில் எறணாகுளம். அதற்கு எதிரே காயல் நடுவே இருக்கும் தீவுகளில் ஒன்று முளவுகாடு. 1912 ஜூலை 4 அன்று தாட்சாயணி அங்கே ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தார். அந்த நாளில் கொச்சிப் பக்கம் புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கக் கூடாது. பொதுக்கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது. சாதி இந்துக்கள் எதிரே வந்தால் குறிப்பிட்ட தூரம் விலகிப் போக வேண்டும். பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது, மார்பை மறைக்கக் கல்மணி மாலைகள்தான். வயலில் நாற்று நடுவதும் காயலில் சேறு அள்ளி வரப்பு உயர்த்துவதும் அவர்கள் வேலை. விளைந்த நெல் வேறு யாருடையதோ.

அவர் பிறந்த அடுத்த ஆண்டு, 1913-இல், நடந்த ஒரு கூட்டத்தைக் கொச்சிப் பக்கத்தில் இன்றும் பேசுகிறார்கள். புலையர்கள் ஒரு சங்கம் தொடங்க நினைத்தார்கள். கூட்டம் போட நிலத்தில் இடம் தருவார் யாரும் இல்லை. பொது இடத்தில் கூடினால் தடை. அதனால் படகுகளைக் காயல் நடுவே கொண்டுபோய் ஒன்றோடொன்று கட்டி, பலகை பரப்பி, தண்ணீரின் மேலேயே கூட்டம் நடத்தினார்கள். தண்ணீருக்கு மட்டும் பட்டா போட்டு யாரும் வைத்திருக்கவில்லை அல்லவா! மீனவச் சமூகத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பன் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். தாட்சாயணியின் குடும்பத்தாரும் உறவினர்களும் அந்த இயக்கத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள். பிற்காலத்தில் கே.பி.வள்ளோன் கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்து புலையர் உரிமைக்காகப் பேசினார்.

பெயரிலேயே ஒரு மீறல் இருந்தது. அழகி, சக்கி, காளி, குறும்பா என்ற மாதிரிப் பெயர்கள்தான் புலையர் பெண்குழந்தைகளுக்கு அன்று வைக்கப்பட்டன. தாட்சாயணி என்பது பார்வதியின் பெயர், மேல்சாதி வீட்டுப் பெண்களுக்கு உரியதாக நினைக்கப்பட்ட பெயர். நம் பக்கத்திலும் பெரியவர்களைக் கேட்டால் இந்தக் கதை இருக்கும். குழந்தைக்கு நல்ல பெயர் வைத்ததற்காகத் தோட்டத்து வீட்டில் முகம் சுளித்தார்கள், அதனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், பண்ணையத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வளர்ந்தவர்கள் வளவுகளில் இருக்கிறார்கள்.

சேலை உடுத்தி, மேலாடை அணிந்து பள்ளிக்குப் போன முதல் தலைமுறைப் புலையர் பெண்களில் அவர் ஒருவர். கொச்சி அரசின் உதவித்தொகையில் படித்தார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் இளங்கலை. அந்த வகுப்பில் பெண் என்று அவர் ஒருவர்தான் இருந்தார். ஆய்வுக்கூடத்தில் மேல்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்து காட்ட மறுத்தார். மற்ற மாணவர்களுக்குச் செய்து காட்டும்போது இவர் எட்ட நின்று பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1935-இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பிறகு சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி முடித்தார்.

பட்டம் வாங்கியாயிற்று, அரசுப் பள்ளியில் வேலையும் கிடைத்தாயிற்று. இனி மரியாதை தானாக வந்துவிடும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தாட்சாயணிக்கு வரவில்லை. திருச்சூர்ப் பக்கத்தில் ஆசிரியையாக இருந்தபோது ஊர்க் கிணற்றில் அவர் தண்ணீர் எடுக்க முடியாது. ஒருநாள் வயல் நடுவே வரப்பில் நடந்து போகிறார். எதிரே ஒரு நாயர் பெண் வருகிறார். வரப்போ ஒருவர் போகிற அகலம். வழக்கப்படி இவர்தான் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும், அதைத்தான் அந்தப் பெண்ணும் சொன்னார். தாட்சாயணி இறங்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் இறங்கிப் போகலாம் என்பதாக நின்றுவிட்டார். கடைசியில் வயலில் இறங்கிப் போனது எதிரே வந்தவர்தான்.

வரப்பில் நின்ற அந்த நிமிடத்தை, அவர் பின்னால் டெல்லியில் பேசிய எல்லாவற்றுக்கும் முன்னுரையாக வைத்துப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணைத் தடுக்கச் சட்டம் எதுவும் அன்று இல்லை. இவருக்குத் துணையாகக் காவல்துறை இல்லை. தன்மானம் ஒன்றுதான் இருந்தது. சட்டம் போட்டால் மட்டும் போதாது, மனிதர் நடந்துகொள்ளும் விதம் மாற வேண்டும் என்பதைத்தான் அவர் கடைசிவரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

1940-இல் வார்தாவில் காந்தியின் ஆசிரமத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் ஆர்.வேலாயுதன், தலித் சமூகத்திலிருந்து வந்த காங்கிரஸ் தொண்டர், பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணனின் உறவினர். காந்தியும் கஸ்தூரிபாவும் உடனிருக்க, தொழுநோயாளி ஒருவர் புரோகிதராக இருந்து திருமணத்தை நடத்திவைத்தார். இப்படி நடந்த திருமணத்தைப் பார்த்து, இவர் காந்தி சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

1945-இல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே ஆங்கிலத்தில் பேசிய முதல் உரையிலேயே இரண்டு விஷயங்களைப் பிடித்தார். ஒன்று, ஒடுக்கப்பட்டோர் நலனுக்கான பணம் குறைந்துகொண்டே போகிறது. இரண்டு, பஞ்சாயத்துகளிலும் நகரசபைகளிலும் ஒடுக்கப்பட்டோருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் இல்லை. அதோடு, காந்தி வைத்த ஹரிஜன் என்ற பெயரையும் விடவில்லை. தீண்டாமை இருக்கும்வரை அந்தப் பெயருக்குப் பொருள் கிடையாது, நாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைத்தது போலத்தான் என்ற பொருள்பட அவர் பேசியது கேட்டவர்களுக்கு உறைத்திருக்கும். காந்தி முன்னிலையில் திருமணம் செய்து ஐந்து ஆண்டுகளில் அவர் சொன்னது இது.

பஞ்சாயத்தைப் பற்றி அன்று அவர் கேட்ட கேள்விக்கு 73-வது அரசியல் சட்டத் திருத்தம் வர 1990-கள் ஆயிற்று. அந்தத் திருத்தத்தால்தான் பட்டியல் சாதியினருக்கும், அவர்களுக்குள் பெண்களுக்கும் உள்ளாட்சியில் இடம் உறுதியானது. நம் மாவட்டங்களில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அருந்ததியர் பெண்கள் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு வந்தது அதனால்தான். நாற்காலி கிடைத்தபின் அதில் உட்கார விட்டார்களா, கொடியேற்ற விட்டார்களா என்பது வேறு கதை. அந்தச் செய்திகளையும் இதே நாளிதழில் படித்திருக்கிறோம்.

1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை முதல் முறையாகக் கூடியது. அண்ணல் அம்பேத்கர் அப்போது வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருந்தார். டிசம்பர் 19 அன்று, நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது தாட்சாயணி பேசினார். பழங்கால இந்தியாவில் லிச்சவிகளின் குடியரசு இருந்ததை நினைவுபடுத்தித் தொடங்கினார். இந்தச் சபை ஒரு சட்டப் புத்தகத்தை மட்டும் எழுதப் போவதில்லை, மக்களுக்குப் புதிய வாழ்க்கைச் சட்டகத்தையே தரவேண்டும் என்பது அவர் வாதம். ஏழு கோடிப் பேரைச் சிறுபான்மை என்று அழைப்பதை அவர் ஏற்கவில்லை. தாழ்த்தப்பட்டோரைக் காப்பாற்றுவோம் என்று பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் காட்டிய அக்கறையையும் நம்பவில்லை. விதவிதமான பாதுகாப்பு ஏற்பாடுகளைவிட, சமூகத் தடைகள் உடனே நீங்குவதும் அறம் சார்ந்த பாதுகாப்பும்தான் வேண்டும் என்றார்.

இங்கேதான் அம்பேத்கரோடு அவருடைய பாதை பிரிகிறது. இந்தப் பத்தியின் வாசகர்களில் பலருக்கு இது உறுத்தும் என்று தெரியும். ஆனாலும் மறைக்காமல் எழுத வேண்டியது.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடலாம். தனித்தொகுதி என்று இன்று நாம் சொல்வது, வேட்பாளர் மட்டும் பட்டியல் சாதியினராக இருக்கும் தொகுதி. வாக்குப் போடுவது எல்லாச் சாதியினரும். அவிநாசி, தாராபுரம், பவானிசாகர், வால்பாறை எல்லாம் இப்படிப்பட்டவை. அம்பேத்கர் முதலில் கேட்டது வேறு. தலித் வேட்பாளரைத் தலித் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி. 1932-இல் அது அறிவிக்கப்பட்டு, காந்தி உண்ணாவிரதம் இருந்து, பூனா ஒப்பந்தத்தில் கைவிடப்பட்டது. அதன்பிறகும் கேள்வி ஓயவில்லை. தலித் அல்லாதவர்களின் வாக்கால் ஜெயிக்கிற தலித் உறுப்பினர் யாருக்கு நன்றிக்கடன் பட்டவராக இருப்பார்?

1947 ஆகஸ்ட் 28 அன்று இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபைக்கு வந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இன்னொரு தலித் உறுப்பினர் எஸ்.நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனித்தொகுதியில் வெல்கிறவர், தம் சமூகத்தாரின் வாக்குகளில் குறிப்பிட்ட விழுக்காட்டையாவது பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தாட்சாயணி அதை எதிர்த்தார். தனி வாக்காளர் தொகுதியையே வேறு வேடத்தில் கொண்டுவருகிறார்கள் என்றார். தமக்கு எந்த வகை இட ஒதுக்கீட்டிலும் தனிப்பட்ட முறையில் விருப்பம் இல்லை, இப்போதைக்குத் தவிர்க்க முடியாத தீமையாக அதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்ற அளவுக்குப் போனார். திருத்தம் ஏற்கப்படவில்லை.

அந்த வாக்குவாதத்தில் நான் நாகப்பா பக்கம். தாராபுரத்திலோ அவிநாசியிலோ ஒரு வன்கொடுமை வழக்கில் தொகுதி உறுப்பினர் வாய் திறக்கத் தயங்கும்போதெல்லாம் அந்தத் திருத்தம் நினைவுக்கு வருகிறது. அவருக்கு விருப்பமில்லாத இட ஒதுக்கீடுதான் நம் வளவுகளிலிருந்து பிள்ளைகளைக் கல்லூரிக்கும் அரசு வேலைக்கும் அனுப்பியது. 2009-இல் அருந்ததியருக்குத் தமிழ்நாட்டில் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தபின் எத்தனை பேர் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்குப் போனார்கள் என்பதைக் கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே உரையில் அவர் சொன்ன இன்னொன்று இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் பிறரிடம் பொருளாதார அடிமைகளாகக் கிடக்கும்வரை தனித் தொகுதியோ கூட்டுத் தொகுதியோ, எத்தனை விழுக்காடோ, எதுவும் பயன் தராது என்றார். இதை எதிர்த்துப் பேச என்னிடம் வாதம் இல்லை. தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டுப் பண்ணையத்தில் இருந்தவரின் வாக்குச்சீட்டு எவ்வளவு தூரம் அவருடையது? விசைத்தறிக் கூடத்தில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பத்தின் வாக்கு? காணி நிலம் இல்லாமல், குடியிருக்கும் மனையும் இன்னொருவர் தயவில் இருக்கிறபோது, தேர்தல் முறையை எப்படி மாற்றினாலும் அச்சம் மாறாது. முளவுகாட்டு வயல்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய செய்தியாக இருந்திருக்காது.

1948 நவம்பர் 8 அன்று அம்பேத்கர் முன்வைத்த வரைவுச் சட்டத்தின் மீது பேசினார். வரைவுக் குழுத் தலைவருக்குப் பாராட்டு சொல்லிவிட்டு, குறைகளை அடுக்கினார். அதிகாரமெல்லாம் மத்தியில் குவிகிறது. ஆளுநரை மத்திய அரசு நியமிப்பது சரியில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இதில் படிந்திருக்கிறது. இப்படியே நிறைவேற்றாமல், பொதுத் தேர்தல் வைத்து மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் கேட்டார். ஆளுநர் பிரச்சினை இன்றைய தமிழ்நாட்டில் எவ்வளவு சூடானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாநில உரிமை பேசுகிறவர்கள் தங்கள் முன்னோர் பட்டியலில் இந்தத் தலித் ஆசிரியையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு வந்ததுதான் நவம்பர் 29. தீண்டாமை ஒழிப்புப் பிரிவின் மீது பேச எழுந்தவர், வரைவுக் குழுவின் தலைவரே தீண்டப்படாத சமூகத்தில் பிறந்தவராக இருக்கும்போது இப்படி ஒரு பிரிவு இல்லாத அரசியல் சட்டத்தை எதிர்பார்த்திருக்க முடியாது என்பதை நினைவூட்டினார். கருத்து வேறுபாடு இருந்தும் அம்பேத்கருக்கு உரிய இடத்தைக் கொடுக்க அவர் தயங்கவில்லை. அடுத்து ஒரு பழைய விஷயத்தை எடுத்தார். சபை முதலில் கூடியபோதே தீண்டாமையைக் கண்டித்து ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று தாம் விரும்பியதையும், இது காங்கிரஸ் கமிட்டி அல்ல, உரிய நேரத்தில் பார்க்கலாம் என்று நேரு சொல்லிவிட்டதையும் அவையிலேயே போட்டு உடைத்தார். அந்த அறிவிப்பு அன்றே வந்திருந்தால் ஊர்களில் மாற்றம் முன்னதாகவே தொடங்கியிருக்கும் என்பது அவர் கருத்து. இந்தப் பிரிவு வெல்வதும் தோற்பதும் தண்டனையைப் பொறுத்ததல்ல, மக்கள் இனி எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்தது, மத்திய மாகாண அரசுகள் தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்ய வேண்டும் என்றார்.

பேச்சு நீண்டது. அவைக்குத் தலைமை வகித்த துணைத்தலைவர் எச்.சி.முகர்ஜி நேரம் கடந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி, பெண் என்பதால்தான் தொடர அனுமதிப்பதாகச் சொன்னார். இதுவும் அவைக்குறிப்பில் அச்சாகி இருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவின் மீது, தீண்டாமையை அனுபவித்த பெண்ணுக்கு, பெண் என்ற சலுகையில் சில நிமிடங்கள் கிடைத்தன. அன்றே பிரிவு நிறைவேறியது. சபையில் காந்திக்கு வாழ்த்து முழக்கம் எழுந்தது என்று குறிப்பு சொல்கிறது.

பிரிவு 17 வந்தபின் அதற்கான தண்டனைச் சட்டம் வர 1955 ஆயிற்று. அது போதாமல் 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இரட்டைக் குவளையை எடுக்க வைத்ததிலும், செருப்புப் போட்டு ஊர்த் தெருவில் நடக்கிற உரிமையை நிலைநாட்டியதிலும் இந்தச் சட்டங்களின் பயத்துக்கும் நம் இயக்கங்களின் போராட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பிரச்சாரத்தால் மனம் மாறிக் குவளையை ஒன்றாக்கிய டீக்கடைக்காரர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். அந்த வகையில் தண்டனையை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்குப் போட்டு, தண்டனை வாங்கிக் கொடுத்து, திரும்பவும் அதே ஊரில், அதே ரேஷன் கடை வரிசையில் நின்று வாழவேண்டிய குடும்பங்களைக் கேட்டால், அவர் சொன்னதில் உள்ள உண்மையும் புரியும்.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்தது எப்படி? அரசியல் நிர்ணய சபையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு, நாள்வாரியாக அச்சாகி, 12 தொகுதிகளாக இருக்கிறது. யார் பேசினார், எங்கே குறுக்கிட்டார்கள், எங்கே மணி அடித்தார்கள் என்பதுவரை அதில் உண்டு. வரப்பில் நின்ற கதையும் ஆய்வுக்கூடக் கதையும் குடும்ப நினைவில் தங்கியவை. அவை மறைந்துபோகக் கூடியவை. அவைக்குறிப்பு அப்படி மறையாது. நம் சமூகத்தின் பாட்டிமார் கிணற்றடியிலும் கூலி கேட்டும் பேசிய பேச்சுகளை எழுதி வைக்க எந்தச் சுருக்கெழுத்தரும் இருந்ததில்லை. ஆகவே எழுதி வைக்கப்பட்ட இந்தச் சில பக்கங்களின் மதிப்பு பெரிது.

இருந்தும் பல ஆண்டுகளாக யாரும் அந்தப் பக்கங்களைத் திருப்பவில்லை. அரசியல் சட்ட வரலாறு எழுதியவர்கள் பெரிய தலைவர்களின் உரைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் வரலாறு எழுதியவர்களின் கண்ணில் படித்த மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள் பட்டார்கள். தலித் வரலாறு எழுதிய நாம் அம்பேத்கரோடு முரண்பட்டவர்களை ஓரமாக வைத்தோம். தாட்சாயணியின் மகள் மீரா வேலாயுதன் ஒரு வரலாற்று ஆய்வாளர், பெண்களின் அரசியல் வரலாற்றில் உழைத்தவர். தாயைப் பற்றி அவர் எழுதிய பிறகுதான், குடும்ப நினைவும் அவைக்குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்பட்டன. மகள் எழுதியது என்பதால் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவர் சுட்டும் உரைகளை யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

சபையில் இருந்த காலத்தில், 1946 முதல் 1949 வரை, தாட்சாயணி சென்னையில் ‘தி காமன் மேன்’ என்ற ஆங்கில ஏட்டையும் நடத்தினார். ஒடுக்கப்பட்ட இளைஞர்களின் கலைச் சங்கம் ஒன்றுக்குத் தலைவராகவும் இருந்தார். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் 1952 வரை இடைக்கால நாடாளுமன்றத்தில் உறுப்பினர். கணவர் வேலாயுதனும் அதில் இருந்தார். ஒரே நேரத்தில் நாடாளுமன்றத்தில் இருந்த முதல் தலித் தம்பதி அவர்கள்.

பிறகு நீண்ட மௌனம். ஐந்து பிள்ளைகள், கையில் பணம் இல்லை. தேர்தல் அரசியலுக்குப் பணம் வேண்டும், கட்சித் தலைவர்களின் தயவும் வேண்டும். 1971-இல் அடூர் மக்களவைத் தனித்தொகுதியில் நின்று தோற்றார். அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், அதே சட்டம் தந்த தனித்தொகுதியில் வாக்குக் கேட்டுத் தோற்றுப்போனதை அப்போது யாரும் பெரிய செய்தியாக எழுதியதாகத் தெரியவில்லை.

டெல்லியிலேயே தங்கி, முனிர்க்கா பகுதியில் துப்புரவுப் பணி செய்த பெண்களிடையே வேலை செய்தார். 1977-இல் அங்கே தலித் பெண்களின் மாநாடு ஒன்றைக் கூட்டி, மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 65 வயது. அடுத்த ஆண்டு, 1978 ஜூலை 20 அன்று, காலமானார். கேரள அரசு அவர் பெயரில் ஒரு விருதை அறிவித்தது 2019-இல்.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் பெரிய நூலகங்களில் இருக்கின்றன, நாடாளுமன்றத்தின் இணையதளத்திலும் கிடைக்கின்றன. 1946 டிசம்பர் 19, 1947 ஆகஸ்ட் 28, 1948 நவம்பர் 8, 1948 நவம்பர் 29 ஆகிய நான்கு நாள்களைத் தேடி எடுங்கள். ஆங்கிலம் கடினமாக இருக்காது, ஆசிரியை பேசிய ஆங்கிலம் அது. முடிந்தவர்கள் தமிழில் பெயர்த்து ஊர் நூலகத்தில் வையுங்கள். அதோடு, கோவையிலிருந்து சென்னைச் சட்டசபைக்குப் போய் 1920-களில் ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசிய ஆர்.வீரையனின் பேச்சுகளும் பழைய சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கின்றன. அவற்றையும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள்தான் தூசி தட்டி எடுக்க வேண்டும்.